ஆபீஸ் இல்லாத கம்பெனி

அந்தக் கம்பெனி நாட்டில் இல்லாத இடமில்லை. போட்டோ, வீடியோ போடுகிற அதன் ஆப், பேருந்தில் நின்றுகொண்டே தூங்குகிறவர் கையில் இருந்தது. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையின் தட்டுக்கு முன்னால் இருந்தது. அமைச்சர் அதைக் கண்டித்துப் பேசிய பேச்சும் அதில்தான் ஓடியது. ஆனால் அதன் பேருக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்கலாம் என்று கிளம்பினால் மட்டும் ஒரு வாசற்படி கிடைக்காது. தலைமையகம் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே எங்களுக்கு ஆபீஸே கிடையாது என்று அவர்களுடைய வக்கீல் நாலு வரியில் எழுதிக் கொடுத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் தோட்டத்தையே மறைத்திருந்தார்கள்.

அந்த நோட்டீஸ் உடும்பின் கைக்கு வந்தபோது, ஒரு பெண்ணின் புகார் பதிவாகி ஐம்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

உடும்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கோர்ட்டு வக்கீல்கள் வைத்தது. இருபத்திரண்டு வருடம் அவள் கோர்ட்டில் அமீனா. வீடு வீடாகப் போய் சம்மனைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிற வேலை. வாங்க மாட்டேன் என்று ஒளிகிறவர்களிடம்தான் அவள் திறமை தெரியும். சம்மனுக்குப் பயந்து நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்ட ஒரு கட்டட முதலாளிக்கு, எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருந்து, அவர் சட்டையில்லாமல் வெளியே வந்தபோது கொடுத்தவள். “நல்லா மூச்சை இழுத்து விடுங்க சார், அப்படியே இங்க ஒரு கையெழுத்து” என்றாளாம். அன்றைக்கு வந்த பெயர், அவள் கோர்ட்டை விட்டு ஆணையத்துக்கு மாறி வந்தபோதும் கூடவே வந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பெயரை வேறு யாருக்காவது வைத்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பாள்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள், வாங்கவும் மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் சம்மனை வாங்கிக்கொண்டு, செத்துப்போன தன் அண்ணன் பெயரைக் கையெழுத்தாகக் கிறுக்கிக் கொடுத்தான். இவள் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வழக்கு தள்ளுபடியானது. வீட்டைப் பறிகொடுத்த பெண்ணொருத்தி கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுததை இவள் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அன்று முதல் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரை படிப்பாள். மருந்துக் கடைக்காரர் அவளைக் கண்டாலே வரிசையில் அடுத்த ஆளை முன்னால் கூப்பிட்டுவிடுவார்.

தகவல் காப்பு ஆணையம் புதுச் சட்டத்தோடு பிறந்த அலுவலகம். பழைய பாடநூல் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்துக் கொடுத்திருந்தார்கள். சட்ட அதிகாரியின் தலைக்கு மேலே சுவரில் ‘ஐந்தாம் வகுப்பு, கணக்கு’ என்ற எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும். சட்டம் வந்த நாளில் எத்தனை கைதட்டல்! வெளிநாட்டுக் கம்பெனிகள் இனி நம் மக்களின் விவரங்களை இஷ்டத்துக்கு அள்ளிக்கொண்டு போக முடியாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றார்கள். எல்லாம் சரி. கேள்வியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில்தான் இடித்தது. நாட்டுக்குள் அந்தக் கம்பெனி தொழில் நடத்தும் இடத்தில், நேரில், புகார் பதிவான அறுபது நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் புகார் காலாவதி, மறுபடி முதலிலிருந்து. மின்னஞ்சல் செல்லாது என்று கம்பெனி வக்கீல்களே வாதாடித் தீர்ப்பு வாங்கி வைத்திருந்தார்கள்.

சட்ட அதிகாரி அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். படித்த படிப்பெல்லாம் முகத்தில் கவலையாகப் படிந்திருக்கும்.

“அக்கா, மூணு விலாசத்துக்கு அனுப்பிப் பாத்தாச்சு. மூணும் போன வேகத்துல திரும்பி வந்துடுச்சு. அறுபதாவது நாள் ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தின நாள் சனி. ஆக, வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட நம்ம கதை முடிஞ்சுது.”

“விளம்பரம் விக்கிறாங்கல்ல சார் இங்க? விக்கிறவன் எங்கயாவது உக்காந்துதானே விக்கணும்?”

“அது வேற நிறுவனமாம். ஆலோசனை சொல்ற நிறுவனமாம். இவங்களுக்கும் அவங்களுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லையாம். அவங்க பதிஞ்சு வெச்சிருக்கற விலாசத்துலயும் ஆள் இல்ல.”

“விலாங்கு மீன் சார் இது. பாம்புக்குத் தலையைக் காட்டும், மீனுக்கு வாலைக் காட்டும். நான் பாத்துக்கறேன், கோப்பைக் கொடுங்க.”

கோப்பை வாங்கிக்கொண்டு அவள் நேராகக் கம்பெனியைத் தேடிப் போகவில்லை. புகார் கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போனாள். யாருக்காக ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினால் காலில் வலு இருக்காது என்பது அவள் கட்சி.

அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்ப்பவள். வீடு இரண்டாம் மாடியில். மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவில் புதுச் சங்கிலி. ஆணையத்து அடையாள அட்டையைக் கதவிடுக்கில் நீட்டிய பிறகே சங்கிலி விலகியது. உள்ளே பிரிக்காத அட்டைப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பெட்டியையே மேசையாக்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

“நான் அந்த ஆப்ல இல்லவே இல்லக்கா” என்றாள் லேப் பெண். “அவரை விட்டு வந்த அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். நம்பரை மாத்தினேன், ஊரை மாத்தினேன். கூட வேலை பாக்குற பொண்ணுக்குப் பிறந்தநாள்னு லேப்ல கேக் வெட்டினாங்க. அவ படம் எடுத்துப் போட்டிருக்கா. ஓரத்துல நிக்கிறேன் நான், பாதி முகம்தான் தெரியுது. அந்த மெஷின் அதைக் கண்டுபிடிச்சு அவருக்கு அனுப்பியிருக்கு. ‘இவரை உங்களுக்குத் தெரியுமா?’ன்னு. கீழ லேப் பேரு, தெருப் பேரு எல்லாம் போட்டு.”

“அப்புறம்?”

“நாலாவது நாள் லேப் வாசல்ல வந்து நின்னாரு. சிரிச்சுக்கிட்டே.”

சொல்லும்போது அவள் வலது கை தன்னையறியாமல் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த எலும்பு ஒருமுறை உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. பிறகு வேறு ஊர், வேறு லேப். அங்கே குழந்தையின் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் யாரோ எடுத்த படம். மறுபடி அவன். இப்போது இது மூன்றாவது வீடு. போன மாதம் எதிர்ச்சாரியில் வந்து நின்று, ஜன்னலை அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். போலீசில் அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

“பள்ளிக்கூட லீவு விட்டதும் திரும்ப வீடு மாத்தணும். மாத்தி என்னக்கா பிரயோஜனம்? எங்க போனாலும் எனக்கு முன்னாடி என் முகம் போயிடுது.”

கம்பெனிக்கு எழுதினாயா என்று கேட்டதற்கு அவள் பதிலை எடுத்துக் காட்டினாள். ‘உங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம். எங்கள் விதிகள் எதுவும் மீறப்படவில்லை. இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?’

உடும்பு அதைக் கடைசி வரி வரை படித்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் காது மடல் சுட்டது. அடித்தவனைப் பார்த்து வருகிற கோபம் ஒரு வகை. அடித்தவனுக்குக் கூப்பிட்டு வழிகாட்டிவிட்டு நட்சத்திரம் கேட்கிறவனைப் பார்த்து வருகிற கோபம் இன்னொரு வகை. அந்த இரண்டாவது கோபத்தை அவள் இதற்குமுன் பட்டதில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடறேன்மா” என்றாள். கோர்ட்டில் இருந்த வரைக்கும் யாருக்கும் இப்படி வாக்குக் கொடுத்ததில்லை. படி இறங்கும்போது தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள்.

திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாளும் நாயாக அலைந்தாள். ஒரு விலாசத்தில் பல் டாக்டர் இருந்தார். இன்னொன்றில் காலி மனை, அதில் மூன்று ஆடு. ஒரு வக்கீல் ஆபீசில் காபி கொடுத்து, “அவங்க எங்க கட்சிக்காரங்கதான், ஆனா எங்க இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது” என்று சிரித்தார்கள். வியாழன் மாலை வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் தன்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்காரர் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். முன்னறைதான் பட்டறை. அவருக்கு வாடிக்கையாளர் பாதிப்பேர் அந்த ஆப் வழியாகத்தான் வருகிறார்கள். ஒரு மெஷினைக் கழற்றி மாட்டுவதற்குள் நாலு படம் எடுத்துப் போட்டுவிடுவார்.

“என்ன, கிடைச்சுதா உன் கம்பெனி?” என்றார், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே.

“ஆடு கிடைச்சுது.”

“நீங்கபாட்டுக்கு அதை மூடிட்டீங்கன்னா என் பிழைப்பு என்ன ஆகும்னு யோசிச்சியா? எனக்கு வேலையே அதுலதான் வருது. பெரிய மனுஷங்க அவங்க. என்னைக் கூப்பிட்டு மரியாதை பண்ணிப் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்காங்க.”

உடும்பு தண்ணீர்ச் செம்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“எந்தப் பத்திரம்?”

“என்ன இப்படிக் கேக்கற? ஒரு வருஷமா சுவர்லதானே தொங்குது!”

தொங்கியது. கண்ணாடிச் சட்டம் போட்டு, ‘சிறந்த சிறு வியாபாரி பயிற்சி’ என்று கொட்டை எழுத்தில், மேலே அந்த ஆலோசனை நிறுவனத்தின் பெயரும் ஓரத்தில் கம்பெனியின் சின்னமுமாக. உலகத்துக் காகிதத்தையெல்லாம் கடைசி வரி வரை படிக்கிறவள், புருஷன் மாட்டி வைத்ததை மட்டும் ஒருநாளும் படிக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

“எங்க நடந்துச்சு இது?”

“ஆத்துப் பாலம் தாண்டி, ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல, அதுல மேல. வாராவாரம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நடக்கும்.” சொல்லிவிட்டு அவர் முகம் மாறியது. “ஏய், இரு. நான் சொன்னேன்னு எழுதுவியா நீ?”

“எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதித்தான் ஆகணும்.”

அவர் திருப்புளியைக் கையில் உருட்டினார். உடும்பு அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பற்றியும், ஜன்னலைப் பார்த்து நின்றவனைப் பற்றியும் சொன்னாள். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி, தூசியைத் தட்டி, அவள் பையின் மேல் வைத்தார்.

“என் பக்கத்தை மூடினா மூடட்டும். வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டிக்கறேன். எங்கப்பா அப்படித்தான் பொழச்சாரு” என்றார்.

அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அவள் எப்போதாவதுதான் சந்தோஷப்படுவாள். அன்றைக்கு நிறையவே சந்தோஷப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சட்ட அதிகாரி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பயிற்சியை எந்த ஹால்ல வேணும்னாலும் நடத்தலாம்க்கா. அது அவங்க தொழில் நடத்துற இடம்னு நாம காட்டணும். இல்லன்னா நோட்டீஸ் கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான்.”

“போய்ப் பாக்கறேன் சார். வாசலைப் பாத்தா ஏதாவது தோணும்.”

மத்தியானம் இரண்டரைக்கு அவள் ஏழாம் மாடியில் லிப்டை விட்டு இறங்கினாள். கண்ணாடிக் கதவில் ஆலோசனை நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் வரவேற்பு மேசை. மூன்று மணிப் பயிற்சிக்கு வந்த வியாபாரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். இவளும் போய் நின்றாள். முறை வந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு பலகைபோன்ற கணினியை நீட்டினாள்.

“கேமராவைப் பாருங்க மேடம். கட்டைவிரலை இங்க வைங்க. அப்புறம் கீழ ‘சம்மதம்’னு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க.”

“என்னத்துக்குச் சம்மதம்?”

“அது சும்மா மேடம். எல்லாரும் தொட்டுட்டுப் போறதுதான்.”

சும்மா என்று சொன்ன காகிதத்தைத்தான் உடும்பு அதிகக் கவனமாகப் படிப்பாள். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். ‘அன்பார்ந்த வருகையாளரே, உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்’ என்று தொடங்கியது. பக்கம் பக்கமாக நீண்டது.

“என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?” என்றார் பின்னால் நின்றவர். வரிசை சிரித்தது.

“பாஸாகிட்டா சொல்றேன்” என்றாள் இவள், தலையைத் தூக்காமல்.

பதினோராவது பத்தியில் அவள் விரல் நின்றது. ‘இவ்வளாகம் கீழ்க்கண்ட நிறுவனம் தனது தொழிலை நடத்தும் இடமாகும். வருகையாளரின் முகப்படமும் கைரேகையும் இந்நிறுவனத்தாலேயே பெறப்பட்டு, மூன்றாண்டுகள் வைத்துக்கொள்ளப்படும்.’ அதன் கீழே, கடலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியின் முழுப் பெயர், பதிவு எண்ணோடு.

மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை உதடு அசையப் படித்தாள். நடந்தது இதுதான்: வேறு ஏதோ ஒரு நாட்டுச் சட்டத்துக்குப் பயந்து, யாரிடம் விவரம் வாங்கினாலும் வாங்குகிறவன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று தலைமையகத்து வக்கீல்கள் ஒரு படிவம் எழுதி, உலகத்தில் தங்களுக்கு இருக்கிற கதவுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். இந்தக் கதவு இல்லாத கதவு என்று இன்னொரு வக்கீல் எழுதிக் கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது. வாசலில் பெயர் போடாதவர்கள் வருகிறவனின் ரேகைக்கு ஆசைப்பட்டுப் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

“இதுக்கு ஒரு நகல் வேணும்மா. காகிதத்துல.”

“அப்படியெல்லாம் கொடுக்கறதில்லையே மேடம்…”

“புதுச் சட்டம் பதினாலாவது பிரிவு. விவரம் வாங்கறவங்க, கேட்டா படிவத்தோட நகல் கொடுக்கணும். சந்தேகம்னா யாரையாவது கேட்டுக்கோ.”

அந்தப் பெண் யாரையும் கேட்கவில்லை. வரிசை நீண்டுகொண்டிருந்தது, பொத்தானை அழுத்திவிட்டாள். அச்சாகி வந்த தாளின் அடியில் தேதி, நேரம், கட்டட விலாசம் எல்லாம் தானாகவே விழுந்திருந்தன. உடும்பு அதையும் கடைசி வரி வரை படித்துவிட்டு, பையிலிருந்து நோட்டீசை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இப்ப உங்க பெரியவரைக் கூப்பிடும்மா.”

பயிற்சி தொடங்காமல் வரிசை காத்திருக்க, நாலு மணிக்குத்தான் வந்த மேலாளர் மடிப்புக் கலையாத சட்டையும் கத்தரித்த தாடியுமாக இருந்தார். கழுத்து அட்டையின் எழுத்துப் பக்கம் நெஞ்சோடு ஒட்டித் திரும்பியிருந்தது.

“மேடம், தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க. இது ஆலோசனை நிறுவனம். நீங்க சொல்ற கம்பெனிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல.”

உடும்பு தாளை நீட்டினாள். அவர் படித்தார். தாடிக்கு மேலே இருந்த பகுதி வெளுத்தது.

“இது… தலைமையகத்துல இருந்து வந்த பொதுப் படிவம் மேடம். எல்லா நாட்டுக்கும் ஒரே படிவம். இதையெல்லாம் யாரும் படிக்கறதே இல்ல.”

“நான் படிச்சேன் சார்.”

மேலாளர் வரவேற்புப் பெண்ணிடம் கண்ணைக் காட்ட, அவள் கணினியை அணைத்தாள். தாள் உடும்பின் கையில் இருந்தது.

“நான் மேல பேசணும். அங்க இப்ப விடியற்காலை. நாலு மணி நேரம் போல காத்திருந்தீங்கன்னா…”

“தாராளமா காத்திருக்கேன் சார். எனக்கு வீட்ல அவசரமில்ல. ஆனா நோட்டீசைக் கொடுத்துட்டுத்தான் காத்திருப்பேன். வாங்கிக்கறீங்களா?”

“வாங்க மாட்டேன்.”

“சரி. வாங்க மறுத்தார்னு எழுதிக்கறேன். சட்டப்படி கதவுல ஒட்டலாம். சாட்சி ஒருத்தர் போதும்.”

இங்கேதான் மேலாளர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். வரிசையைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “பாருங்க, நம்ம ஆப்பையே மூடறதுக்கு அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கு. இன்னைக்குப் பயிற்சி நடக்குமான்னே தெரியல.”

வரிசை உறுமியது. வளையல் விற்கும் அம்மாள் ஒருவர் முன்னால் வந்தார். “ஏம்மா, எங்க வயித்துல அடிக்கத்தான் சம்பளம் வாங்கறியா? நாங்க கஷ்டப்பட்டப்ப எந்த ஆணையம் வந்துச்சு?”

“யாரும் மூட வரலம்மா” என்றாள் உடும்பு. தன் குரல் ஏறுவது அவளுக்கே கேட்டது. “என் வீட்டுக்காரரும் உங்க மாதிரி இதுல பொழைக்கறவர்தான். ஒரு பொண்ணோட முகத்தை இவங்க மெஷின்ல இருந்து எடுங்கன்னு சொல்ல வந்திருக்கேன். அவ்வளவுதான். அந்த முகத்தைக் காட்டிக் காட்டி, அவளை அடிக்கறவனுக்கு இது வழி சொல்லுது. வளையலை விக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. வீட்டை ஏன் காட்டிக் கொடுக்கணும்?”

உறுமல் அடங்கியது. ஆனால் சாட்சிக் கையெழுத்துக்கு யாரும் முன்வரவில்லை. பெயரும் விலாசமும் எழுத வேண்டும் என்றதும் ஒவ்வொருவராகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். நாளைக்குத் தன் பக்கம் இருக்குமோ இருக்காதோ என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. வளையல் அம்மாள் மட்டும், “நான் தனியாளும்மா, மூணு பிள்ளைங்க” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். சுவர்க் கடிகாரம் நாலேகால் காட்டியது.

அப்போது லிப்ட் திறந்தது. நரைத்த மீசையோடு ஒரு கூரியர்க்காரர் நாலு பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பெட்டிகளை இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கும் கருவியை வரவேற்புப் பெண்ணிடம் நீட்டினார். அப்புறம்தான் எல்லாரும் ஏதோ சாவு வீட்டில் நிற்பதுபோல் நிற்பதைக் கவனித்தார்.

“என்ன விஷயம்?”

உடும்பு இரண்டு வரியில் சொன்னாள். அவர் நோட்டீசைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார்.

“வாங்க மாட்டேங்கறாரா?” என்றார், ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிற அக்கறையோடு. “எனக்கும் இப்படி வாய்க்கும்க்கா, மூணாவது மாடி ஏறின பிறகு வேண்டாம்பாங்க. எங்க போடணும்?”

“பேரும் விலாசமும் எழுதணும். யோசிச்சுக்கோங்க. அப்புறம் கூப்பிட்டு விசாரிப்பாங்க.”

“பதினெட்டு வருஷமா ஊரெல்லாம் நான்தான் கையெழுத்து கேட்டுக்கிட்டு அலையறேன். என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. கொடுங்க பேனாவை.”

நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உருட்டி உருட்டி எழுதினார். உடும்பு அதை முழுக்கப் படித்தாள், அடையாள அட்டையோடு ஒப்பிட்டாள். பிறகு பசை டப்பாவைத் திறந்தாள்.

“கண்ணாடி கறையாகிடும் மேடம்!” என்றார் மேலாளர்.

“வெந்நீர் போட்டுத் துடைச்சா போயிடும் சார். ஆனா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள துடைச்சா அது தனிக் குற்றம்.”

நாலு மூலையும் அழுத்தி ஒட்டி, கைபேசியில் படம் எடுத்தாள். படத்தில் மேலாளரின் முகம் விழுந்திருந்தது. அதை அழித்துவிட்டு, அவர் விழாதபடி இன்னொன்று எடுத்தாள். மணி நாலு முப்பத்தைந்து.

அடுத்த வாரம் கம்பெனி வக்கீல்கள் மூன்று பேர் பாடநூல் கிடங்குக்கு வந்தார்கள். அது பொதுப் படிவம் என்றார்கள், எழுத்துப் பிழை என்றார்கள், கடைசியில் யாரும் படிப்பதில்லை என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். சட்ட அதிகாரி பதினோராவது பத்தியை வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் படித்து உடும்பு பார்த்ததில்லை. ஏழு நாளுக்குள் அந்தப் பெண்ணின் முகத்தை மெஷினிலிருந்து முழுக்க அழித்து, அழித்ததை வெளியாள் வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவானது. காட்டினார்கள். வீட்டுக்காரரின் பக்கம் மட்டும் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று பத்து நாள் யார் கண்ணுக்கும் படாமல் போனது. அவர் சொன்னபடியே வாசலில் போர்டு எழுதி மாட்டினார். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

உத்தரவின் நகலைப் புகார்தாரருக்கும் நேரில்தான் கொடுக்க வேண்டும். லேப் பெண் பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னாள். அந்த வீடு அவனுக்குத் தெரிந்த வீடு, ஆகவே காலி செய்தாயிற்று. மூட்டை முடிச்செல்லாம் முன்னாலேயே போய்விட்டது. தோளில் ஒரு பை, கைப்பிடியில் குழந்தை. மூன்றாம் மேடையில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவள் நகலைப் படித்தாள். கடைசி வரி வரை படித்தாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

“இனிமே கேக்காதுல்லக்கா? ‘இவரைத் தெரியுமா’ன்னு?”

“கேக்காது. கேட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. வழி தெரியும் இப்ப.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடும்பு ரசீதை நீட்டினாள். கையெழுத்து வாங்கினாள். அடுத்த கட்டத்தில் புகார்தாரரின் தற்போதைய விலாசம் என்று இருந்தது.

“புது வீடு எங்கன்னா அக்கா, அந்த…”

“சொல்லாத.”

“உங்ககிட்டயா சொல்லக் கூடாது?”

“என்கிட்டயும்தான். விலாசம் தேடித் தேடியே சோறு தின்னவ நான். கேட்டா மறக்க மாட்டேன்.”

அந்தக் கட்டத்தில் ‘பேருந்து நிலையம், மூன்றாம் மேடை, நேரில் பெற்றுக்கொண்டார்’ என்று எழுதினாள். மேடைக்கு ஒரு வண்டி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவத் தொடங்கினார்கள். லேப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உடும்பு குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள். இரண்டு வண்டியும் கிளம்பிப்போய் வெகுநேரம் ஆன பிறகுதான் திரும்பினாள்.